கரி எங்கிருந்து வந்தது?

நீலகிரியில் மாதிரி விமானம் கட்டுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, ஊட்டி, கோத்தகிரி வட்டாரத்தில் சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே பிளாஸ்டிக் விமானம் ஒட்டும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உண்டு. எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுபவர்கள் உண்டு. நிஜ விமானங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற பெரியவர்களும் உண்டு. எல்லோரையும் ஒரே மடலில் உட்கார வைத்துப் பேசுவது கொஞ்சம் துணிச்சல்தான். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கணக்கு வரும் இடத்தில் ஓடிவிடாதீர்கள்.

உங்கள் கைவேலை நன்றாகத் தேறிவிட்டது. இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் கோடு தெரிவதில்லை. டீகால் சுருங்காமல், அடியில் காற்று நிற்காமல் உட்காருகிறது. காக்பிட் கண்ணாடியில் பசை மூட்டம் இல்லை. அதுவரை பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்படுகிறேன். அதற்குப் பிறகு, விமானம் பறந்து பழசானதாகக் காட்ட வெதரிங் என்று ஒன்றைத் தொடங்குகிறீர்களே, அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். இங்கிலாந்து ஸ்பிட்ஃபயர், ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட், அமெரிக்க மஸ்டாங், ஜப்பானிய ஜீரோ என்று நான்கு நாட்டு விமானங்களை வரிசையாக நிறுத்துகிறீர்கள். நான்கின் மேலும் ஒரே அழுக்கு! அதே பழுப்பு வாஷ், ஸ்பாஞ்சால் ஒற்றிய அதே வெள்ளிப் பொட்டுகள், எக்ஸாஸ்டுக்குப் பின்னால் அதே கறுப்புப் பட்டை. ஆங்கிலக் கால்வாய் மேல் பறந்ததும் பசிபிக் தீவில் நின்றதும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் புரண்டு எழுந்த மாதிரி இருக்கின்றன. செல்போன் வீடியோவில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் செய்து காட்டினார், நாமும் செய்தோம். அவர் கை பொன்னான கை, மறுக்கவில்லை. அவர் பூசியது அவருடைய விமானத்தின் அழுக்கு, அவ்வளவுதான்.

என் கட்சி சின்னது. விமானத்தின் மேல் ஒரு கறை வைத்தால், அது எதனால் வந்தது, எந்த ஊரில் வந்தது, எந்த மாதம் வந்தது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். பதில் இல்லாத கறையைத் துடைத்துவிடுங்கள்.

பழகிப் பார்க்க ஒரு விமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹாக்கர் ஹரிக்கேன் இரண்டு-பி. இந்திய விமானப்படையின் 6-ஆம் ஸ்குவாட்ரன். இடம் அரக்கான் போர்முனை, காக்ஸ் பஜார் ஓடுதளம். காலம் 1944 பிப்ரவரி.

ஏன் இது? முதல் காரணம் ஊர்ப்பாசம். இந்த ஸ்குவாட்ரன் பிறந்தது திருச்சியில், 1942 டிசம்பர் 1 அன்று. பஞ்சாபோ பெஷாவரோ இல்லை, நம் காவிரிக் கரை. முதல் தளபதி ஸ்குவாட்ரன் லீடர் மெஹர் சிங். படையில் எல்லோருக்கும் அவர் ‘மெஹர் பாபா’. 1943 நவம்பரில் படை அரக்கானுக்குப் போனது. வேலை, எதிரியின் நடமாட்டத்தைத் தாழப் பறந்து பார்த்து, படம் பிடித்துக்கொண்டு வருவது. இரண்டு இரண்டு விமானமாகப் போவார்கள். ஒருவர் தரையைப் பார்ப்பார், மற்றவர் பின்னால் நெளிந்து நெளிந்து பறந்து வானத்தைக் காவல் காப்பார். பதினான்காம் ராணுவத்தின் கண்கள் என்று அவர்களுக்குப் பேர் விழுந்தது. இரண்டாம் உலகப்போரில் டி.எஸ்.ஓ. பதக்கம் வாங்கிய ஒரே இந்திய விமானப்படை அதிகாரி மெஹர் சிங்தான். இதே ஆள்தான் 1948-ல் டக்கோட்டா விமானத்தை லே நகரில் கொண்டுபோய் முதன்முதலாக இறக்கியவர். இத்தனை இருந்தும் உங்கள் அலமாரிகளில் இந்த விமானத்தை நான் பார்த்ததில்லை. ஜெர்மானிய வீரர்களின் வெற்றிக் கணக்கு உங்களுக்கு ஒப்பிக்க வருகிறது. மெஹர் சிங் என்றால் முழிக்கிறீர்கள்.

இரண்டாவது காரணம் அருவங்காடு.

மலை ரயிலில் குன்னூரை விட்டால் வெலிங்டன், அடுத்து அருவங்காடு. ஸ்டேஷனை ஒட்டியே கார்டைட் ஃபேக்டரி. 1903–04-ல் தொடங்கிய ஆலை அது. காட்டேரி அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து அதற்குக் கொடுத்தார்கள். உங்கள் வகுப்பில் அப்பாவோ தாத்தாவோ அங்கே வேலை பார்த்த பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். கார்டைட் என்பது தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து. நூற்றுக்கு 65 பங்கு நைட்ரோசெல்லுலோஸ், 30 பங்கு நைட்ரோகிளிசரின், 5 பங்கு பெட்ரோலிய ஜெல்லி, இது அதன் எம்.டி. ரகத்தின் கணக்கு. அசிட்டோன் விட்டுப் பிசைந்து, மாவு பதத்துக்கு வந்ததும் அச்சில் இட்டு இடியாப்பம் பிழிவதுபோல இழை இழையாகப் பிழிந்து உலர்த்துவார்கள். புனாவுக்குப் பக்கத்தில் கிர்க்கியில் .303 தோட்டாக்கள் செய்தார்கள். அவற்றின் வயிற்றுக்குள் போனது அருவங்காட்டுச் சரக்கு.

இப்போது ஹரிக்கேனுக்கு வாருங்கள். இரண்டு-பி ரகத்தில் இறக்கைக்கு ஆறாகப் பன்னிரண்டு பிரவுனிங் துப்பாக்கிகளுக்கு இடம் உண்டு, எல்லாம் .303. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுடும். பிரவுனிங் அமெரிக்கச் சரக்கு. சுட்டு நிறுத்தியதும் அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றி, மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பது அதன் மூல அமைப்பு. அமெரிக்கத் தோட்டா மருந்து அந்தச் சூட்டைத் தாங்கியது. கார்டைட் தாங்கவில்லை. பழுக்கச் சூடேறிய குழலுக்குள் உட்கார்ந்திருக்கும் தோட்டா, யாரும் விசையைத் தொடாமலே வெடித்துவிடும். அதனால் பிரிட்டிஷ்காரர்கள் துப்பாக்கியின் உள்வேலையையே மாற்றினார்கள்: விசையை விட்டதும் போல்ட் பின்னாலேயே நிற்கும், குழல் காலியாகக் காற்று வாங்கும், மறுபடி அழுத்தினால்தான் தோட்டா உள்ளே போகும். 1/72 மாதிரியில் இதில் ஒரு துரும்பும் தெரியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் நம்மூரில் தயாரான ஒரு மருந்தின் முன்கோபத்துக்காக உலகப் புகழ் பெற்ற துப்பாக்கி ஒன்று தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது என்பதைத் தெரிந்துகொண்டு அந்த இறக்கையை ஒட்டினால், விரல் வேறு மாதிரி வேலை செய்யும். எனக்குச் செய்கிறது.

கண்ணுக்குத் தெரிகிற சங்கதி இனிமேல்தான். துப்பாக்கி வாய்களை அப்படியே திறந்துவிட மாட்டார்கள். தூசியும் மழையும் உள்ளே போகாமல், இறக்கையின் முன்விளிம்பில் துணிப் பட்டை ஒட்டி, துணியை விறைக்கவைக்கும் டோப்பைச் சிவப்பில் பூசுவார்கள். முதல் குண்டு அதைக் கிழித்துக்கொண்டு போகும். இறங்கியதும் துப்பாக்கிகளைக் கவனிக்கும் ஆர்மரர் கிழிந்ததைப் பிய்த்துவிட்டுப் புதிது ஒட்டுவார். ஆக, பட்டை முழுசாக இருந்தால் அந்த விமானம் இன்னும் சுடவில்லை. கிழிந்திருந்தால் சுட்டுவிட்டு இப்போதுதான் இறங்கியிருக்கிறது. அப்போது வாயிலிருந்து பின்பக்கமாக இறக்கையின் அடியில் கரி ஓட வேண்டும், காலித் தோட்டா விழும் துவாரங்களுக்குப் பின்னாலும் ஓட வேண்டும். உங்களில் பலர் பட்டையையும் முழுசாக ஒட்டி, கரியையும் வழியவிட்டிருக்கிறீர்கள். சுடாத துப்பாக்கி எப்படிப் புகைந்தது? பழைய கரி மேல் புதுப் பட்டை என்று வாதாடலாம், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கரி மங்கலாக, துடைத்த தடத்தோடு இருக்கட்டும், பட்டை மட்டும் பளிச்சென்று சிவந்திருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. 6-ஆம் ஸ்குவாட்ரன் உளவுப் படை. பார்த்துவிட்டு உயிரோடு திரும்பி வந்து சொன்னால்தான் போன காரியம் முடிந்தது. வழியில் படகோ லாரியோ கண்ணில் பட்டால் சுட்டார்கள்தான், சுடுவதே பிழைப்பில்லை. ஆகவே நம்மூர் மருந்தின் கரியாயிற்றே என்று ஆசைப்பட்டு அள்ளிப் பூசிவிடாதீர்கள். நிறமும் கவனம். கார்டைட் கரி மை கறுப்பு இல்லை, பழுப்புக் கலந்த சாம்பல். கறுப்பு எண்ணெய் வண்ணத்தில் கொஞ்சம் பழுப்பும் வெள்ளையும் சேர்த்து, பிரஷ்ஷைத் துணியில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு, காற்று ஓடும் திசையில் மட்டும் இழுங்கள்.

அடுத்து வெள்ளிப் பொட்டு. இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது.

ஹரிக்கேனின் பின்பாதி உடல் உலோகத் தகடு கிடையாது. உள்ளே எஃகு, டியூராலுமின் குழாய்ச் சட்டம். அதன்மேல் மரச் சட்டங்கள். அதற்கும் மேல் லினன் துணியைப் போர்த்தி, டோப் பூசி விறைக்க வைத்தது. வாலில் அசையும் பாகங்களும் துணிதான். துணியில் பெயிண்ட் உரிந்தால் பளபளவென்று அலுமினியம் எப்படித் தெரியும்? காக்பிட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு வெள்ளிப் பொட்டுகூட வரக்கூடாது. அங்கே வர வேண்டியது ஒட்டு. குண்டு துளைத்த இடத்தில், முள் கிழித்த இடத்தில், விமானத்தின் உடலைக் கவனிக்கும் ரிக்கர் ஒரு சதுரத் துணியை வைத்து டோப் பூசி மேலே பெயிண்ட் அடித்துவிடுவார். சுற்றிலும் வெயிலில் வெளுத்திருக்கும், அந்தச் சதுரம் மட்டும் கொஞ்சம் கருக்கும். அடிப்படை நிறத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு கலந்து இரண்டு சதுரம் வையுங்கள். பார்ப்பவர் கேட்கும்வரை காரணம் சொல்ல வேண்டாம்.

வெள்ளி தெரியலாம், தெரிய வேண்டிய இடங்களில். இடது இறக்கை உடலோடு சேரும் இடம் ஒன்று. விமானி ஏறுவது இடதுபக்கம். கீழே உள்ளிழுக்கக்கூடிய மிதிபடி ஒன்று இருக்கும், அதில் கால் வைத்து இறக்கை மேல் ஏறி நடந்துதான் உள்ளே இறங்க வேண்டும். பூட்ஸ் தேய்க்கும். வலது இறக்கையில் அதே அளவு தேய்மானம் வைத்தால் அந்த விமானி எதற்காகச் சுற்றிக்கொண்டு போனார் என்று நான் கேட்பேன். இன்னொன்று, துப்பாக்கி அறைகளின் மூடிகள். தினமும் திறந்து மூடுவது, ஸ்க்ரூடிரைவர் வழுக்கும். எஞ்சின் மூடியின் திருகுகளைச் சுற்றியும் அப்படியே.

அளவு? இங்கேதான் கணக்கு. 1/72 என்றால் மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் நிஜத்தில் 72 மில்லிமீட்டர். உள்ளங்கை அகலம். நீங்கள் ஸ்பாஞ்சால் ஒற்றும் பொட்டு ஒவ்வொன்றும் நிஜத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்த பெயிண்ட். அப்படி ஐம்பது இடத்தில் உரிந்த விமானத்தை எந்தப் பொறியாளர் பறக்க விடுவார்? ஹரிக்கேனின் இறக்கை விரிவு 12.19 மீட்டர், மாதிரியில் 17 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. .303 குண்டு துளை மாதிரியில் பத்தில் ஒரு மில்லிமீட்டர். ஊசி முனையால் குத்தினாலே பீரங்கி ஓட்டை ஆகிவிடும். வெள்ளிக் கலர் பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டு, தொட்டும் தொடாமலும் வையுங்கள். போதவில்லையே என்று தோன்றும்போது எழுந்து டீ குடிக்கப் போய்விடுங்கள்.

எக்ஸாஸ்ட் தடத்தைக் கறுப்பாக்குவது இன்னொரு பழக்கம். எரிபொருள் அதிகமாகப் போனால் கரி கறுக்கும். காற்று அதிகமாக, பெட்ரோலைச் சிக்கனமாக எரித்தால் தடம் வெளிறும். அந்தக்கால 100 ஆக்டேன் பெட்ரோலில் ஈயம் உண்டு, அது சாம்பலும் மணலும் கலந்த நிறத்தில் படியும். உளவுக்குப் போகிறவர் தூரம் போக வேண்டும், சிக்கனமாகத்தான் எரிப்பார். ஆகவே நம் 6-ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேனுக்குத் தடத்தின் ஓரம் கொஞ்சம் கறுப்பு, நடுவே வெளிறிய சாம்பல். நிறுத்தி நிதானமாகச் செய்தால் இந்த ஒரு தடமே அந்த விமானம் என்ன வேலை பார்த்தது என்று சொல்லிவிடும்.

பெட்ரோல் கறைக்கும் இதே நியாயம். இறக்கைகள் உடலோடு சேரும் பகுதியில் பக்கத்துக்கு ஒரு 33 காலன் தொட்டி, காக்பிட்டுக்கு முன்னால் 28 காலன் தொட்டி. மூடியைத் திறந்து ஊற்றும்போது சிந்தும். சிந்திய பெட்ரோல் தூசியைக் கழுவிக்கொண்டு ஓடும். நடுவில் சுத்தமான பாதையும் அதன் ஓரத்தில் ஒதுங்கிய அழுக்கும்தான் மிஞ்சும். நீங்கள் எல்லோரும் கறுப்பாக ஒழுகவிடுகிறீர்கள்.

இனி மண். இது கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமான விஷயம். நம் மலையில் வீட்டை விட்டு வெளியே கால் வைத்தால் செம்மண். சல்லடையில் சலித்து, மையாக அரைத்தால் கடையில் விலை கொடுத்து வாங்கும் பிக்மென்ட் தோற்றுப்போகும். சக்கரத்திலும் இறக்கை அடியிலும் அப்பிவிட்டால் பார்க்க அபாரமாக இருக்கும். ஆனால் காக்ஸ் பஜார் கடலோரம். மணலும் வண்டலும் கலந்த சமவெளி. அரக்கானில் பல ஓடுதளங்கள் அறுவடை முடிந்த நெல்வயலைச் சமன்செய்து போட்டவை. அங்கே பறந்தது வெளிறிய, வைக்கோலும் சாம்பலும் சேர்ந்த நிறத் தூசி. பிப்ரவரியில் மழையும் கிடையாது, மழை மே மாதம்தான் இறங்கும். எனவே சேறு தெறித்த தடம் கூடாது, தூசி மட்டும். மூக்குக்கு அடியில் தாடை புடைத்தாற்போல ஒரு வடிகட்டி தொங்குகிறதே, வோக்ஸ் ஃபில்டர், அது எஞ்சின் இந்தத் தூசியைத் தின்றுவிடாமல் இருப்பதற்காகத்தான். அதன் வாயில் தூசி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம். செம்மண்ணை அள்ளாமல் இருக்க முடியாதவர்கள் வேறு விமானம் தேடிக்கொள்ளுங்கள்.

டயோரமா செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை. தேயிலை டஸ்ட் தாராளமாகப் பயன்படுத்தலாம். சி.டி.சி. டஸ்ட் அரை மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் மண்ணாங்கட்டி. காய்ந்த வயலுக்குக் கச்சிதம். அடுப்பில் வெறும் சட்டியில் வறுத்து ஈரத்தை எடுத்துவிட்டு, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் பதித்து, மேலே சாம்பல் நிறம் தூவுங்கள். வறுக்காமல் விட்டால் நம்மூர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்து, ஆடி மாதத்துக்குள் ஓடுதளத்தில் வெள்ளை முடி முளைக்கும்.

நிறங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே கரும்பச்சையும் மண்பழுப்பும், அடியில் நடுத்தரச் சாம்பல். வட்டச் சின்னத்தில் சிவப்பு வைத்துவிடாதீர்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஜப்பானியரின் சிவப்புச் சூரியன் என்று பட்டால் நம் ஆளே நம் ஆளைச் சுட்டுவிடுவார். அதனால் கிழக்குப் போர்முனை விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டு, கருநீலத்துக்குள் வெளிர்நீலம் என்று சின்னதாக வரைந்தார்கள். பீடத்தில் பேர் எழுதும்போது ‘ராயல் இந்திய விமானப்படை’ என்று எழுத வேண்டாம். அந்த ‘ராயல்’ 1945 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. உருவம் பார்க்க டெல்லி பாலம் விமானப்படை மியூசியத்தில் ஒரு ஹரிக்கேன் நிற்கிறது. வளைவு, நெளிவு, துணியின் வரி எல்லாம் அங்கே கண்ணாரப் பார்க்கலாம். மியூசியத்து பெயிண்ட்டை மட்டும் நம்பாதீர்கள், அது புதுமாப்பிள்ளை அலங்காரம்.

அழுக்கைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன், துடைத்தவர்களைப் பற்றியும் பேச வேண்டும். விமானம் அழுக்காக இருந்தால் வேகம் குறையும். ஜப்பானிய ஆஸ்கர் சண்டை விமானம் துரத்தும்போது ஒவ்வொரு மைல் வேகமும் உயிர். ஆகவே ஃபிட்டர், ரிக்கர், ஆர்மரர் என்று ஒரு கூட்டமே பெட்ரோல் நனைத்த கந்தைத் துணியோடு விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. விமானியின் பேர் பதக்கப் பட்டியலில் ஏறும். இந்தக் கூட்டத்துக்குக் குழுப் படத்தின் பின்வரிசையில் நிற்க இடம் கிடைத்தால் அதிகம். நீங்கள் கன்னாபின்னாவென்று அழுக்காக்கிய ஒரு ஹரிக்கேன், பின்வரிசை ஆட்கள் வேலை செய்யவில்லை என்று சொல்கிற குற்றப்பத்திரிகை. எண்ணெய் கசிந்த இடத்தில் கசிவை மட்டும் காட்டாதீர்கள்; அதைத் துடைத்த துணியின் வட்டத் தடத்தையும் காட்டுங்கள். ஈரப் பிரஷ்ஷை டர்பன்டைனில் தொட்டு, காய்ந்த கறை மேல் அரைவட்டமாக ஓட்டினால் அது வந்துவிடும். வெதரிங்கில் எனக்குப் பிடித்த வேலை இதுதான்.

நம்மூர் வானிலையைப் பற்றிப் புதியவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் லாக்கர் வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடுகிறது, பாட்டில் கெட்டுப்போனதா என்று. பாட்டில் மேல் தப்பில்லை. தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. மேகம் ஜன்னலுக்குள் வந்து நிற்கும் ஊரில் அந்தக் குளிர்ந்த பரப்பில் ஈரம் படிந்து வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. மெதுவாக உலரும் தின்னரைச் சேருங்கள். அடிக்குமுன்னும் பின்னும் அட்டைப் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டு அதில் வையுங்கள், பிளாஸ்டிக் வளையாத தூரத்தில். பூத்துப்போனதையும் அதே தின்னரை மெல்லிசாகத் தூவினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கம்ப்ரஸரின் ஈரப்பொறியைத் தினமும் திறந்து வடித்துவிடுங்கள். முடிந்தால் வார்னிஷ் வேலையைத் தை, மாசிக்குத் தள்ளிப்போட்டு, பனி விலகிய நடுப்பகலில் செய்யுங்கள். ஊட்டிக்காரர்கள் உறைபனிக் காலையில் ஏர்பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம்.

குறை மட்டும் சொன்னால் மலை கோபித்துக்கொள்ளும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அக்ரிலிக் பெயிண்ட் ஏர்பிரஷ் மூக்கிலேயே காய்ந்து அடைத்துக்கொள்கிறது, நமக்கு அந்தத் தொல்லை குறைவு. எண்ணெய் வண்ணம் இங்கே சாயங்காலம் முழுக்க ஈரமாகவே இருக்கும். ஒரு கறையை நாலு தடவை மனசு மாறி மாற்றிக்கொள்ளலாம். நிதானமாக வெதரிங் செய்கிறவருக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது.

ஹரிக்கேன் வேண்டாம், ஸ்பிட்ஃபயர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு 234-ஆம் ஸ்குவாட்ரன் இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படைதான், ஆனால் முழுப்பேர் 234 (மதராஸ் ப்ரசிடென்சி) ஸ்குவாட்ரன். நம் மாகாணத்தில் திரட்டிய யுத்த நிதிக்காக வைத்த பேர். அந்தக் காலத்தில் ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று விலை வைத்து வசூலித்தார்கள். மலையகத்திலிருந்து தாயகம் திரும்பி டான்டீ தோட்டங்களில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு யோசனை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானத் தாக்குதலை எதிர்கொள்ள, கொழும்பின் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுதளமாக்கி ஹரிக்கேன்கள் எழும்பின. நாலு நாள் கழித்துத் திருகோணமலை சீனக்குடாவிலிருந்து 261-ஆம் ஸ்குவாட்ரன். பந்தயத் திடல் என்றால் புல், சீனக்குடா என்றால் கடற்காற்று. அழுக்கு இரண்டுக்கும் வேறு வேறு. அமெரிக்கக் கார்ஸேர் பிரியர்கள் மலையிறங்கினால் போதும். கோயம்புத்தூர் பீளமேட்டில் 1942-ல், கார்ஸேர்களைப் பறக்கவிட்ட பிரிட்டிஷ் கடற்படை எச்.எம்.எஸ். கருடா என்ற பேரில் விமானப் பழுதுபார்ப்பு நிலையம் வைத்தது. அங்கே பழுது முடிந்து வெளியே வரும் விமானத்தில் அழுக்கைவிட, நிறம் ஒத்துவராத மாற்றுத் தகடுகள்தான் கண்ணில் படும்.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காக்ஸ் பஜார் அன்றைய வங்காளத்தின் சிட்டகாங் மாவட்டம். மெஹர் சிங்கின் ஆட்கள் அங்கே போய் இறங்கியது 1943 நவம்பர், வங்கப் பஞ்சத்தின் ஆண்டு. பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் அது ஒன்று. ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று அரசே கடலோரத்துப் படகுகளைப் பறித்துக்கொண்டதில் மீனவர்களின் பிழைப்பு முன்னமே போயிருந்தது. டயோரமாவில் விமானத்துக்குப் பக்கத்தில் ஊர்க்காரர்களை வைக்கும்போது, பெட்டியில் வரும் கொழுத்த ஐரோப்பிய பொம்மைக்குப் பழுப்பு பெயிண்ட் அடித்து நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்துவதைவிட ஆளே வைக்காமல் விடுவது மேல்.

வேலையைத் தொடங்குகிறவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். ஒவ்வொரு கறைக்கும் ஒரு வரி: எங்கே, எதனால், யார் துடைத்தது. விமானத்தோடு நோட்டையும் எடுத்து வாருங்கள்; நான் முதலில் நோட்டைத்தான் வாங்கிப் பார்ப்பேன். வீட்டுப் பரணில் யாருக்காவது தாத்தாவின் விமானப்படைப் படமோ, சம்பளப் புத்தகமோ, அருவங்காட்டு ஆலையின் பழைய பாஸோ கிடைத்தால் மூலத்தைத் தூக்கிக்கொண்டு மழையில் அலைய வேண்டாம். வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, பின்பக்க எழுத்தையும் சேர்த்து எடுத்து, அந்தப் படத்தைக் காட்டினால் போதும். ஹரிக்கேன் பெட்டி வாங்கக் காசு பற்றாத பிள்ளைகள் கூச்சப்படாமல் சொல்லுங்கள். என்னிடம் பிரிக்காத பெட்டிகள் நாள்பட்டுக் கிடக்கின்றன, வீட்டில் இன்னும் கணக்கெடுப்பு நடக்கவில்லை.

அன்புடன்,
குன்னூரிலிருந்து,
உங்களில் ஒருவன்